எத்தனை மடங்கு, எதைவிட? சிலிபின் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சிலிபின் தூளை ஒரு குவளை நீரில் போட்டுக் கலக்கிப் பார்த்தவருக்கு இந்தக் கதையின் பாதி அங்கேயே விளங்கிவிடும். வெளிர் மஞ்சள் தூள் கொஞ்சம் மிதக்கும். கொஞ்சம் குவளையின் பக்கச் சுவரில் ஒட்டும். மிச்சம் அடியில் போய் உட்காரும். மறுநாள் காலையில் வந்து பார்த்தாலும் உட்கார்ந்த இடத்தில்தான் இருக்கும். நீரில் கரையாதது எண்ணெயிலாவது கரையட்டும் என்று அதில் போட்டால் அங்கும் அதே பிடிவாதம். மருந்து வடிவமைப்பில் இருப்பவர்கள் இப்படியொரு மூலக்கூறைக் கண்டால் பெருமூச்சு விடுவார்கள். கல்லீரலைக் காக்கும் தாவரப் பொருள்கள் என்று பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பதும் இதுதான்.

இந்த ஆய்வுக்குச் சிலிபினை எடுத்துக்கொள்ள ஒரே காரணம், அதன் கோப்பு தடிமனானது. மஞ்சளின் குர்குமின், நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு, கீழாநெல்லியின் பில்லாந்தின் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே நோய் உண்டு: கரைவதில்லை, கரைந்தது உட்புகுவதில்லை, புகுந்தது தங்குவதில்லை. ஆனால் ஊசியில் கொடுத்தால் என்ன ஆகிறது, வாயால் கொடுத்தால் என்ன ஆகிறது என்று ஒரே பொருளை மனிதர்களில் அருகருகே வைத்துப் பார்க்கும் வசதி சிலிபினில்தான் நன்றாக அமைந்திருக்கிறது.

பொருள்

சிலிபம் மரியானம் என்ற ஊதாப் பூ முட்செடியின் விதையிலிருந்து எடுக்கும் சாற்றுக்கு சிலிமரின் என்று பெயர். 1968-இல் மியூனிக்கில் வாக்னர் குழுவினர் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒற்றைப் பொருள் கிடையாது. சிலிபின், ஐசோசிலிபின், சிலிகிறிஸ்டின், சிலிடயனின் என்று ஒரு கூட்டுக் குடும்பம். குடும்பத்தில் பாதிக்கு மேல் சிலிபின். அந்தச் சிலிபினும் 'ஏ', 'பி' என்று இரட்டையர். ஒன்றுபோலத் தோன்றினாலும் உடல் இருவரையும் வெவ்வேறு வேகத்தில் மாற்றி வெளியேற்றுகிறது. சந்தையில் 'சிலிமரின் 140 மி.கி.' என்று எழுதியிருந்தால் அதற்குள் சிலிபின் எவ்வளவு என்பது தனிக் கேள்வி. பழைய ஆய்வுகளை ஒப்பிடும்போது முதலில் தடுக்கி விழும் இடம் இது.

1997-இல் லிபின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 'ஐந்தின் விதி' என்று ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு மூலக்கூறு வாய்வழி மருந்தாக ஒழுங்காக உறிஞ்சப்பட வேண்டுமானால் எடை 500-க்குள், ஹைட்ரஜன் கொடுக்கும் இடங்கள் 5-க்குள், ஏற்கும் இடங்கள் 10-க்குள் இருப்பது நல்லது என்பது அதன் சாரம். சிலிபினின் கணக்கு: எடை 482, கொடுப்பவை 5, ஏற்பவை 10. பரீட்சையில் மூன்று பாடத்திலும் எல்லை மதிப்பெண் வாங்கித் தேறிய மாணவனைப் போல எல்லாக் கோட்டையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. விதியை மட்டும் நம்பியவருக்கு இது நல்ல வேட்பாளர்.

நீரில் கரையும் அளவை அளந்தவர்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அடிக்கடி சொல்லப்படுவது லிட்டருக்கு 50 மி.கி. என்ற அளவு. அதையே வைத்துக்கொள்வோம். மாத்திரையோடு குடிக்கும் நீருக்கு ஒழுங்குமுறைக் கணக்குகள் 250 மில்லி என்று வைத்திருக்கின்றன. அந்த நீரில் கரையக்கூடியது 12 அல்லது 13 மி.கி. மட்டும். 100 மி.கி. கொடுத்தால் மீதி எல்லாம் தூளாகவே குடலில் பயணம் செய்யும். குடலில் பித்த உப்புகள் உதவிக்கு வரும் என்பது உண்மைதான்; ஆனாலும் இடைவெளி பெரியது.

ஊசி சொன்ன சாட்சியம்

வாய்வழியின் தோல்வியைப் பேசுவதற்கு முன், இந்தப் பொருளுக்கு வேலை செய்யும் திறன் உண்டா என்பதைப் பார்த்துவிட வேண்டும். இல்லாத சரக்குக்கு வண்டி தேடி அலைவதில் பயன் இல்லை.

அமானிடா ஃபலாய்டீஸ் என்ற நச்சுக் காளானைத் தின்றவர்களுக்கு ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாகச் சிலிபின் ஊசி கொடுக்கிறார்கள். சிலிபினோடு இரண்டு சக்சினேட் குழுக்களை ஒட்டி, நீரில் கரையும் சோடியம் உப்பாக மாற்றிய வடிவம் அது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. முதல் தவணை, பிறகு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 20 மி.கி. தொடர்ந்து செலுத்துகிறார்கள். அந்தக் காளானின் ஆல்ஃபா அமனிட்டின் நஞ்சு கல்லீரல் உயிரணுவுக்குள் நுழைய ஒரு கடத்திப் புரதத்தைக் கதவாகப் பயன்படுத்துகிறது. சிலிபின் அந்தக் கதவை அடைக்கிறது. உள்ளே போன நஞ்சு பித்தநீர் வழியாகக் குடலுக்கு வந்து, மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பும் சுற்றும் இதனால் தடைபடுகிறது. மருந்து சரியான இடத்தில், போதுமான அளவில் இருந்தால் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

இரண்டாவது சாட்சியம் எதிர்பாராமல் கிடைத்தது. 2008-இல் வியன்னாவில் ஃபெரென்சியின் குழு, இன்டர்ஃபெரான் சிகிச்சைக்கு மசியாத ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்கு இதே ஊசியைக் கொடுத்தபோது ரத்தத்தில் வைரஸ் அளவு இறங்கியது. அளவைக் கூட்டக் கூட்ட இறக்கமும் கூடியது. அதுவரை சிலிமரினை 'சும்மா ஒரு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' என்று ஒதுக்கியிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது 2012-இல் அமெரிக்காவில் வெளியான வாய்வழி ஆய்வு. இன்டர்ஃபெரானில் பலன் காணாத 154 ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள். சிலிமரின் 420 மி.கி., 700 மி.கி., அல்லது மருந்தில்லாத கேப்சூல், நாளுக்கு மூன்று வேளை, 24 வாரம். கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியவர்கள் மூன்று குழுவிலும் நூற்றுக்கு நான்கு பேர் அளவுதான். 700 மி.கி. என்பது வழக்கமான அளவைப் போல ஐந்து மடங்கு. ஐந்து மடங்கு கொடுத்தும் மருந்தில்லாத கேப்சூலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை.

ஒரு நாளைக்கு வாயால் 2,100 மி.கி. சிலிமரின். 70 கிலோ எடையுள்ளவருக்கு ஊசியில் 1,400 மி.கி. கொடுத்த அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பலனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு எச்சரிக்கை: ஊசியில் போவது சக்சினேட் ஒட்டிய வடிவம். அந்த ஒட்டுக்கே வைரஸின் நகலெடுக்கும் நொதியைத் தடுக்கும் தன்மை உண்டு என்று ஆய்வகச் சான்றுகள் இருக்கின்றன. ஆகவே வித்தியாசம் முழுவதையும் உறிஞ்சலின் தலையில் கட்டிவிட முடியாது. பெரும்பகுதியைக் கட்டலாம் என்பது என் கணிப்பு.

எங்கே தொலைகிறது

விழுங்கிய சிலிபின் தூளில் பெரும்பகுதி கரையாமலே வெளியேறுகிறது. கரைந்த கொஞ்சமும் குடல் சுவர் உயிரணுக்குள் நுழைந்தவுடன் இரண்டு காவலர்களைச் சந்திக்கிறது. ஒருவர் குளுகுரோனிக் அமிலத்தை அதன் முதுகில் ஒட்டி விடுகிறார். மற்றவர் ஒட்டியதைப் பிடித்து மீண்டும் குடலுக்குள்ளேயே தள்ளுகிறார். தப்பியது, குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியாக அங்கே போகிறது. அங்கும் இதே ஒட்டல் வேலை நடக்கிறது, இன்னும் வேகமாக. ஒட்டப்பட்டது பித்தநீரில் கொட்டப்படுகிறது. எலிகளில் அளந்தபோது, கொடுத்த சிலிபினில் மாறாமல் பொது ரத்த ஓட்டத்தை எட்டியது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

இந்த 'நூற்றுக்கு ஒன்று' என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடந்த முப்பது ஆண்டுகளாக வடிவமைப்பாளர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதை ஐந்தாக்கினேன், பத்தாக்கினேன் என்பதே கட்டுரைத் தலைப்புகள்.

கொழுப்போடு கைகோத்தது

முதல் கெட்டிக்கார முயற்சி மிலானிலிருந்து வந்தது. இன்டெனா நிறுவனம் சிலிபினை ஃபாஸ்ஃபடிடைல்கோலின் என்ற கொழுப்போடு இணைத்து ஒரு கூட்டை உருவாக்கியது. பின்னாளில் 'ஃபைட்டோசோம்' என்று பரவிய முறை இதுதான். லிப்போசோமோடு இதைக் குழப்பிக்கொள்வது வழக்கம். லிப்போசோமில் நூற்றுக்கணக்கான கொழுப்பு மூலக்கூறுகள் சுற்றிச் சுவர் எழுப்பி, மருந்தை நடுவில் அடைக்கும். இங்கே ஒரு சிலிபினுக்கு ஒன்றோ இரண்டோ கொழுப்பு மூலக்கூறு. ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோத்து நிற்கும். கொழுப்பின் தலை சிலிபினின் ஹைட்ராக்சில் கைகளைப் பிடித்துக்கொள்ள, வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் குடல் சுவருக்கு இது கொழுப்பாகத் தெரியும். பித்தநீரில் இயல்பாகவே ஃபாஸ்ஃபடிடைல்கோலின் இருப்பதால் அங்கே உருவாகும் நுண்துளிகளுக்குள் இது விருந்தாளியாக அல்ல, உறவினராகவே நுழைகிறது.

1990-இல் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு 360 மி.கி. சிலிபினுக்குச் சமமான அளவு கொடுத்து அளந்தார்கள். கூட்டு வடிவில் ரத்த அளவு சாதாரணச் சிலிமரினைவிடப் பல மடங்கு உயர்ந்தது. நல்லது. ஆனால் என்னைக் கவர்ந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து வந்த சிறிய ஆய்வு. பித்தப்பை அறுவை முடிந்து, பித்தநீரை வெளியே எடுக்கக் குழாய் பொருத்தியிருந்த ஒன்பது பேர். ஒரே தவணையாக 120 மி.கி. கொடுத்து, 48 மணி நேரம் பித்தநீரைச் சேகரித்தார்கள். சாதாரணச் சிலிமரினில், கொடுத்ததில் 3 சதவீதம் பித்தநீரில் வந்தது. கூட்டு வடிவில் 11 சதவீதம்.

ஒன்பதே பேர், ஒரே தவணை. ஆனாலும் இந்த மொத்தக் கோப்பில் எனக்கு மிகவும் பிடித்த எண் இதுதான். ஏனென்றால் இது கல்லீரலைக் கடந்து வந்த சரக்கை நேரடியாக எண்ணியது. மற்றவர்கள் எல்லோரும் கைநரம்பில் ரத்தம் எடுத்து, கல்லீரலில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருந்தார்கள்.

48.82

2006-இல் சீனாவில் ஒரு குழு, தானாகவே பால்மமாகும் கலவை ஒன்றில் சிலிமரினைக் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தது. எண்ணெய், அதை நீரோடு கலக்கவைக்கும் பரப்புச் செயலி, துணைக் கரைப்பான் மூன்றும் சேர்ந்த தெளிந்த திரவம். இரைப்பை நீரில் விழுந்து அசைந்தவுடன் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைந்துவிடும். உறிஞ்சல் எவ்வளவு கூடியது? நீரில் தூளாகக் கலக்கிக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் 48.82 மடங்கு. பாலிஎத்திலீன் கிளைக்கால் 400 என்ற கரைப்பானில் கரைத்துக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் 1.88 மடங்கு.

இரண்டும் ஒரே கட்டுரையில், ஒரே கலவைக்கு, ஒரே முயல் இனத்தில் கிடைத்த எண்கள். ஆய்வாளர்கள் நேர்மையாக இரண்டையும் கொடுத்திருக்கிறார்கள். மேற்கோள் காட்டும் பின்வந்தவர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் ஒரு உண்மை பளிச்சிடுகிறது. ஆதாயத்தில் பெரும்பகுதி 'கரைந்த நிலையில் கொடு' என்ற ஒரே காரியத்திலேயே கிடைத்துவிட்டது. நுண்பால்மம் என்ற நுட்பம் அதற்கு மேல் சேர்த்தது ஏறக்குறைய இரட்டிப்பு. இரட்டிப்பும் சாதனைதான், ஆனால் நாற்பத்தெட்டு மடங்கு என்ற கொட்டு முழக்கத்துக்கு உரிய சாதனை வேறு.

பின்னத்தில் கீழே இருக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கினால் மேலே எதை வைத்தாலும் விடை பிரம்மாண்டமாக வரும். குர்குமினோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்து 1998-இல் செய்த ஆய்வின் புகழ்பெற்ற '2,000 சதவீத உயர்வு' இதே ரகம். இரண்டு கிராம் குர்குமினைத் தனியே விழுங்கியவர்களின் ரத்தத்தில் அது அளவுக்கே எட்டாத நிலையில்தான் இருந்தது. அந்த அடித்தளத்திலிருந்து இருபது மடங்கு ஏறி நிற்கும் இடமும் தரைக்குப் பக்கத்தில்தான்.

எண்ணெய்க் கலவை முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு; பேசுபவர்கள் குறைவு. குடலின் லிப்பேஸ் நொதி எண்ணெயைச் செரிக்கத் தொடங்கியதும் மருந்தைப் பிடித்து வைத்திருந்த வீடே இடிகிறது. நுண்துளியிலிருந்து வெளியே விழும் சிலிபின் மறுபடி படிகமாகி, பழைய தூளாகவே படியக்கூடும். குவளையில் தெளிவாகத் தெரிந்த கலவை குடலில் என்ன ஆகும் என்பதைச் செரிமான நொதி சேர்த்துச் சோதிக்காமல் சொல்ல முடியாது. சிலிபின் எண்ணெயிலும் பெரிதாகக் கரையாததால் பரப்புச் செயலியைத் தாராளமாக ஊற்ற வேண்டியிருக்கிறது, கேப்சூலும் பெருத்துவிடுகிறது.

படிகமற்ற திண்மக் கலவை, நானோ துகள், சைக்ளோடெக்ஸ்ட்ரின் கூடு என்று மற்ற வழிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிலிபின் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. படிகமற்ற வடிவம் நன்றாகக் கரையும். ஈரம் பட்டுச் சேமிப்பில் மெல்லப் படிகமாகிவிடும் ஆபத்தும் உண்டு. துகளைச் சிறிதாக்கினால் கரையும் வேகம் கூடும். கரையும் உச்ச அளவு பெரிதாக மாறாது. இவற்றில் இதற்கு மேல் தங்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் பெரிய தவறு வேறு இடத்தில் இருக்கிறது.

கல்லீரல் என்ற விலாசம்

உயிர்க்கிடைப்பு என்ற சொல்லின் இலக்கணத்தை நிதானமாகப் பார்ப்போம். விழுங்கிய மருந்தில் மாறாமல் பொது ரத்த ஓட்டத்தை அடையும் பங்கு. அது மூன்று பங்குகளின் பெருக்கல்: குடலில் உறிஞ்சப்பட்டது, குடல் சுவரில் அழியாமல் தப்பியது, கல்லீரலில் பிடிபடாமல் தப்பியது. மூளைக்கோ மூட்டுக்கோ மருந்து அனுப்புகிறவருக்கு மூன்றும் இழப்புதான். கல்லீரலுக்கே மருந்து அனுப்புகிறவருக்கு மூன்றாவது எப்படி இழப்பாகும்? தபால்காரர் கடிதத்தை விலாசத்தில் சேர்த்துவிட்டதை, 'வழியில் தொலைந்தது' என்று எழுதிவைப்பது போன்றது இது.

கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இது வெறும் உதாரணக் கணக்கு. நூறு பங்கு விழுங்கி, இருபது பங்கு போர்ட்டல் சிரைக்கு வந்து, அதில் பத்தொன்பதைக் கல்லீரல் பிடித்துக்கொண்டால் பொது ரத்தத்துக்கு வருவது ஒன்று. 'உயிர்க்கிடைப்பு ஒரு சதவீதம்தான், படுமோசம்' என்று அறிக்கை எழுதுவோம். கல்லீரலோ இருபதையும் பார்த்திருக்கிறது. இப்போது ஒருவர் கல்லீரலின் ஒட்டல் நொதியைத் தடுக்கும் துணைப்பொருள் ஒன்றைச் சேர்த்து, ரத்தத்துக்கு வருவதை ஐந்தாக்குகிறார். 'ஐந்து மடங்கு முன்னேற்றம்' என்று தலைப்பு வரும். கல்லீரலுக்கு வந்து சேர்ந்தது அதே இருபது. உள்ளே சற்று அதிக நேரம் தங்கியிருக்கலாம், வரவு கூடவில்லை.

நோயுற்ற கல்லீரலில் இந்தக் குழப்பம் தலைகீழாகும். கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன சிரோசிஸ் நோயாளிகளில் குடலிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலுக்குள் போகாமல் பக்கவாட்டுக் கிளைகள் வழியாகப் பொது ஓட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. சிலிபினை உள்ளிழுக்கும் கடத்திகளும் தளர்ந்திருக்கும். அதனால் அவர்களின் ரத்தத்தில் சிலிமரின் பொருள்களின் அளவு ஆரோக்கியமானவர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக அளக்கப்பட்டிருக்கிறது. இந்த ரத்த எண்ணை மட்டும் பார்ப்பவர் 'இவர்களுக்கு மருந்து நன்றாக ஏறுகிறது' என்று மகிழ்ந்துபோவார். மருந்து ரத்தத்தில் கூடியதற்குக் காரணம் கல்லீரல் அதைக் கைவிட்டதாகவும் இருக்கலாமே.

இதோடு அளக்கும் முறையின் தில்லுமுல்லு வேறு. ரத்த மாதிரியில் நொதி சேர்த்து, குளுகுரோனிக் அமிலம் ஒட்டப்பட்ட சிலிபினை எல்லாம் உடைத்து, 'மொத்தச் சிலிபின்' என்று அளக்கலாம். உடைக்காமல் 'தனிச் சிலிபின்' மட்டும் அளக்கலாம். மொத்தம் எப்போதும் பெரிய எண்ணாக வரும், ஏனென்றால் ரத்தத்தில் இருப்பதில் மிகப் பெரும்பகுதி ஒட்டப்பட்டதுதான். ஒட்டப்பட்டதற்குக் கல்லீரலைக் காக்கும் வேலை அதே அளவில் உண்டு என்று கருத இடமில்லை. ஒரு கட்டுரையின் மொத்தத்தையும் இன்னொன்றின் தனியையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்திருக்கும் மதிப்பாய்வுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அட்டவணைகளைக் கிழித்துப் போட்டாலும் நட்டமில்லை.

மருந்தில்லாத கலவையே காத்தால்

விலங்குச் சோதனையில் கல்லீரல் பாதுகாப்பைக் காட்ட இரண்டு பழைய வழிகள்: கார்பன் டெட்ராகுளோரைடு, அளவுக்கு மீறிய பாராசிட்டமால். இரண்டும் தாமாக நஞ்சல்ல என்றே சொல்லலாம். கல்லீரலின் சைட்டோகுரோம் நொதிகள், முக்கியமாக 2இ1, அவற்றை நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. ஆகவே அந்த நொதியைத் தற்காலிகமாக முடக்கும் எதுவும் 'கல்லீரல் காப்பான்' வேடத்தில் தோன்றும்.

டைமெத்தில் சல்ஃபாக்சைடு அந்த நொதியை முடக்குகிறது. புரோப்பிலீன் கிளைக்காலும் முடக்குகிறது. இரண்டும் எலிகளைப் பாராசிட்டமால் நஞ்சிலிருந்து காப்பது பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டப்பட்டிருக்கிறது. கரையாத தாவரப் பொருளைக் கரைக்க ஆய்வகங்கள் முதலில் எடுக்கும் இரண்டு பாட்டில்கள் எவை? இவையேதான்!

எனவே புதிய கலவை எலியின் கல்லீரலைக் காத்தது என்று படிக்கும்போது நான் முதலில் தேடுவது மருந்தில்லாத வெறும் கலவை கொடுத்த எலிக் குழுவை. பல கட்டுரைகளில் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு உப்புநீர் மட்டும் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் அங்கே காத்தது சிலிபினா, அதைச் சுமந்து வந்த திரவமா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தை நஞ்சுக்கு முன்பே கொடுத்தார்களா, பின்பா என்பதையும் பார்க்க வேண்டும். நோயாளி யாரும் நஞ்சு உண்பதற்கு ஒரு வாரம் முன்பே மாத்திரை தொடங்குவதில்லை.

உயிரணுத் தட்டுகளில் செய்யும் சோதனைகளுக்கும் இது பொருந்தும். அங்கே சிலிபினை 100 மைக்ரோமோலார் அளவில் போடுவது சாதாரணம். லிட்டருக்கு 50 மி.கி. என்ற கரைதிறனை மைக்ரோமோலாரில் மாற்றினால் ஏறக்குறைய அதே 100 வருகிறது. அதாவது நீரில் கரையும் உச்சத்தில், அதுவும் டைமெத்தில் சல்ஃபாக்சைடின் துணையோடு சோதிக்கிறார்கள். சாதாரணக் கேப்சூல் விழுங்கியவரின் ரத்தத்தில் தனிச் சிலிபின் அதன் அருகில்கூட வராது.

மனிதர்களில் இதுவரை

1989-இல் 170 சிரோசிஸ் நோயாளிகளில் ஃபெரென்சி நடத்திய ஆய்வில், நாளுக்கு 420 மி.கி. சிலிமரின் எடுத்தவர்களில் நான்கு ஆண்டு உயிர் பிழைத்தவர்கள் 58 சதவீதம்; மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 39. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1998-இல் ஸ்பெயினில், மதுவால் சிரோசிஸ் வந்த 200 பேருக்கு 450 மி.கி. கொடுத்துப் பார்த்தபோது உயிர் பிழைத்தலில் வித்தியாசமே இல்லை. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு. இரண்டிலும் கொடுத்தது பழைய, கரையாத சிலிமரின். யாருடைய கல்லீரலுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று இரண்டிலும் தெரியாது. முரண்பாட்டுக்கு விளக்கம் தேடி நூறு காரணம் சொல்லலாம். போய்ச் சேர்ந்த அளவு தெரியாதவரை எல்லாமே ஊகம்.

மலேசியாவில் 2017-இல் வெளியான ஆய்வு கவனத்துக்குரியது. மதுவால் அல்லாத கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ள 99 பேர், 700 மி.கி. மூன்று வேளை, 48 வாரம், முன்னும் பின்னும் திசு எடுத்துப் பார்த்தார்கள். முதன்மை இலக்கில் தோல்வி. ஆனால் நார்த்திசு, அதாவது கல்லீரலில் படியும் தழும்பு, ஒரு படியாவது குறைந்தவர்கள் 22.4 சதவீதம், மருந்தில்லாத பக்கம் 6 சதவீதம். துணை இலக்கில் கிடைத்த வெற்றியை வைத்து விழா எடுக்கக் கூடாது. குப்பையில் போடவும் கூடாது. மீண்டும் செய்து பார்க்க வேண்டியது அது.

கூட்டு வடிவத்துக்கு 2012-இல் இத்தாலியில் 179 பேரில் ஒரு ஆய்வு நடந்தது: சிலிபின், ஃபாஸ்ஃபடிடைல்கோலின், வைட்டமின் இ மூன்றும் ஒரே பொட்டலத்தில், 12 மாதம். பலன் தெரிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் வைட்டமின் இ தனியாகவே கொழுப்புக் கல்லீரல் அழற்சியைத் தணிக்கும் என்று 2010-இல் அமெரிக்காவில் 247 பேரில் நடந்த ஆய்வு காட்டியிருந்தது. அங்கே அளவு பெரிதுதான். ஃபாஸ்ஃபடிடைல்கோலினும் கல்லீரலுக்கு அந்நியப் பொருள் கிடையாது. மூவர் சேர்ந்து தேர் இழுத்தால் யார் பலம் எவ்வளவு என்று கேட்பதற்குள் தேர் நிலைக்கு வந்துவிடுகிறது. விற்பவருக்கு அது போதும், ஆய்வாளருக்குப் போதாது.

கூடிப்போனால்

உறிஞ்சலைக் கூட்டுவது எப்போதும் நன்மை என்ற எண்ணம் இந்தத் துறையின் காற்றிலேயே கலந்திருக்கிறது. அதே ஃபைட்டோசோமை 2007-இல் புரோஸ்டேட் புற்றுநோயாளிகள் 13 பேருக்கு நாளொன்றுக்கு 2.5 கிராமில் தொடங்கி 20 கிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அளவு உயர்ந்தது. கூடவே பெரும்பாலானவர்களுக்கு, மஞ்சள் காமாலையில் கூடும் நிறமியான பிலிரூபினும் உயர்ந்தது. பிலிரூபினை வெளியேற்றவும் அதே குளுகுரோனிக் ஒட்டல் நொதிதான் தேவை. சிலிபின் வரிசையில் முந்திக்கொண்டு நின்றால் பிலிரூபின் காத்திருக்க வேண்டியதுதான். அறிகுறி இல்லாத உயர்வு, கல்லீரல் அழிவு அல்ல. ஆனால் கல்லீரல் நோயாளிக்கு இப்படி நேர்ந்தால், நோய் முற்றுகிறதா, மருந்தின் வேலையா என்று மருத்துவர் திணறுவார்.

குர்குமினின் அனுபவம் இன்னும் கடுமையானது. மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க வலையமைப்பு, மஞ்சள் சார்ந்த மாத்திரைகளால் வந்ததாக மதிப்பிட்ட பத்து நேர்வுகளை 2022-இல் வெளியிட்டது. ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபு வகை இருந்தது. சோதித்துப் பார்த்த ஏழு தயாரிப்புகளில் மூன்றில் பைப்பரின் இருந்தது. பைப்பரின்தான் காரணம் என்று பத்து நேர்வுகளை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது; உணவில் சேரும் மஞ்சளுக்கும் இதற்கும் முடிச்சுப் போடவும் கூடாது. ஆனால் ஒட்டல் நொதியைத் தடுத்து உறிஞ்சலைக் கூட்டும் வழியை நான் சிலிபினுக்கு எடுக்க மாட்டேன். அந்த நொதி நோயாளி விழுங்கும் மற்ற மருந்துகளுக்கும் காவல் நிற்கிறது. ஒரு விருந்தாளிக்காக வாசற்கதவைக் கழற்றிவைக்க முடியாது. கரைதிறனைச் சரிசெய்யும் வழி அப்படிப்பட்டதல்ல. அது கதவைத் தொடுவதில்லை.

மறுபடி செய்வதானால்

என் கையில் விட்டால், ஃபாஸ்ஃபடிடைல்கோலின் கூட்டை எடுத்துக்கொண்டு மூன்று குழுக்களோடு தொடங்குவேன்: கூட்டு, அதே அளவு சிலிபின் சாதாரண வடிவில், சிலிபின் இல்லாத அதே அளவு ஃபாஸ்ஃபடிடைல்கோலின். வைட்டமின் இ வேண்டாம். நார்த்திசு தொடங்கிய, ஆனால் சிரோசிஸ் எட்டாத கொழுப்புக் கல்லீரல் நோயாளிகள் மட்டும். பக்கவழி ரத்த ஓட்டம் கணக்கைக் கெடுக்கும் கட்டத்துக்கு முன்பே பிடிக்க வேண்டும். ரத்தத்தில் சிலிபின் 'ஏ', 'பி' இரண்டையும் தனியாகவும் ஒட்டப்பட்டதாகவும் நான்கு எண்களாக அளப்பேன். எப்படியும் திசு எடுக்கப்போகிறோம். அந்த ஊசிமுனைத் திசுவில் ஒரு துணுக்கைச் சிலிபின் அளப்பதற்கு ஒதுக்கச் சொல்வேன். ஒப்புதல் தரும் சிலரிடமாவது, சிறுகுடலின் முதற்பகுதியில் குழாய் இட்டுப் பித்தநீரை எடுத்துப் பார்ப்பேன். பிலிரூபின் இரு வாரத்துக்கு ஒருமுறை.

திசுத் துணுக்கைக் கேட்டால் நோய்க்கூறு மருத்துவர் முகம் சுளிப்பார். ஏற்கெனவே மாதிரி சிறியது. நோய் எந்தப் படியில் இருக்கிறது என்று பிரிக்கவே போதவில்லை என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அப்படியானால் பித்தநீரையாவது விடக் கூடாது. 1992-இல் ஒன்பது பேரிடம் 3-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டியது அதுதான்.